நீலப் புள்ளி

ஜனவரி. வேல்ஸ் மலையில் சாய்மழை.
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ஆடுகள்
என் கைக்கு வந்து போகும்.
தொடையிடுக்கில் கருவியை வைத்துத்
திரையைப் பார்த்துச் சொல்வேன்:
ஒன்று. ரெட்டை. ரெட்டை. காலி.
ஒன்றுக்கு முதுகில் நீலம் தெளிப்பான் இவான்.
காலிக்குச் சிவப்பு; அது சந்தைக்கு.
ஆட்டுக்கு மூன்று விநாடி.

இன்று நான் படுத்திருக்கிறேன்.
நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை.
ஜெல்லை வெதுவெதுப்பாக்கித் தடவினாள் அந்தப் பெண்;
ஆடுகளுக்கு நான் அதைச் செய்ததில்லை.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
அவள் மூக்குக்கண்ணாடியில் தெரிந்தது:
சாம்பலுக்குள் ஒரு கறுப்புப் பை,
உள்ளே யாருமில்லை.
மூன்று விநாடி போதுமாயிருந்தது எனக்கு.
அவளோ
பதினோரு நிமிடம் தேடினாள்,
அழுத்தி, சாய்த்து, மறுபடி அழுத்தி.
"நெரிஸ்…" என்று தொடங்கி நிறுத்தினாள்.
என்னுடையதல்லாத வேறு சொல்
அவளுக்குக் கிடைக்கட்டும் என்று
பேசாமல் கிடந்தேன்.

அடுத்த வியாழன். அதே மழை, அதே வரிசை.
காது கிழிந்த ஓர் ஆடு.
திரையில் எதுவுமில்லை.
இரண்டு டப்பாவையும் குலுக்கியபடி
என் வாயைப் பார்க்கிறான் இவான்.

"ஒன்று" என்றேன்.

ஏப்ரலில் பண்ணைக்காரர் திட்டுவார்.
திட்டட்டும்.