ஒறம்பரை

மீன்கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டி.
மூன்று தரம் கழுவியும் மத்தி வாசம் போகவில்லை.
உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பு,
பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன்,
ஈரத்துக்குத் தயிர் டப்பாவில் தண்ணீர்.
தாராபுரத்தில் வாங்கிய சூட்டுமானி
முப்பத்தேழு புள்ளி ஏழு என்று
சிவப்பில் எரியும்.
இருபது நாளாய் அதுதான்
எங்கள் வீட்டு விடிவிளக்கு.

இருபது பெருவெடை முட்டைகள்.
ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி,
பென்சிலில் நான்தான் போட்டேன்.
பனியன் கம்பெனி வேன் வருமுன் பெருக்கல் மேலே,
வந்து கைகால் கழுவியதும் சுழி.
பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தினோம்.
"இனி மூடியத் தொறந்தியின்னா
ஈரம் போயிரும்" என்றார் சென்னியப்பன்.

அவருக்குத் தெரியாத முட்டை இல்லை.
பல்லடம் ரோட்டுப் பொரிப்பகத்தில்
பதினோரு வருசம்.
ஒரு நாளைக்கு அறுபதாயிரம்.
விடியக்காலம் ஆறு மணிக்கு டிரே இழுப்பார்கள்,
அதற்குள் வந்தது குஞ்சு.
ஓட்டை போட்டு மூக்கை நீட்டியிருந்தாலும்
வராதது வராததுதான்,
நீல டிரம்முக்குப் போகும்.
கல்யாணமான புதுசில் கேட்டேன்,
"சத்தம் கேக்குமா?"
சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:
"ஃபேன் சத்தத்துல என்ன கேக்கும்."

இருபத்தோராம் நாள் பொழுது இறங்குமுன்
பதினாறு வந்துவிட்டன.
மூன்று கூமுட்டை.
மிச்சம் ஒன்று.
பெருக்கல் குறியின் நடுவிலேயே கொத்தி
மிளகு அளவு ஓட்டை,
அதில் ஒரு மூக்கு நுனி.
அப்புறம் ஒன்றுமில்லை.
இடையிடையே கீச்,
யாரோ ஞாபகப்படுத்துவது போல.

என் கை சும்மா இருக்கவில்லை.
மாசியில் இப்படித்தான் பாவம் பார்த்து
நானே உரித்தேன்.
சவ்வில் நரம்பு ஓடியதை அறியவில்லை.
ஒரு பொட்டு ரத்தம்,
இன்னொரு பொட்டு,
பிறகு கையில் நனைந்த பஞ்சு கனம்.
அதனால் கையைப் பிடித்துக்கொண்டார்.
"ஒரு நா முழுசா விடோணும்.
அது சும்மா கெடக்கல,
ரத்தத்த உள்ள இழுத்துட்டு இருக்குது."

ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு போனது.
குண்டடத்தைச் சுற்றி அத்தனை காத்தாடியும்
சுழன்றுகொண்டுதான் இருந்தன.
வெந்நீரைப் பாட்டில்களில் அடைத்து
பெட்டிக்குள் நாலு மூலையிலும் நிறுத்தி
மேலே என் கம்பளிப் போர்வை.
டார்ச் வெளிச்சத்தில் சூட்டுமானியைப் பார்ப்பதும்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதுமாக
விடிந்தது.

ஐந்து மணிக்கு அவர் கிளம்பியிருக்க வேண்டும்.
சட்டை போட்டார், பொத்தான் போட்டார்,
செருப்பு வரைக்கும் போனார்.
அங்கே நின்று சூப்பர்வைசருக்குப் போன்:
"ஏனுங், இன்னைக்கு வர முடியாதுங்.
ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்."

ஓட்டைக்குள் சவ்வு
காய்ந்த பீடி இலை நிறத்தில் இறுகியிருந்தது.
நரம்பு தெரியவில்லை.
"நீயே பண்ணு" என்றார்,
"உன்னது நூல் பிரிக்கிற கையி."
வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு தொட்டு,
பிசிறு எடுக்கும் இடுக்கியால்
ஓட்டை ஒரு சில்லு, ஒரு சில்லு.
ஒரு இடத்தில் சிவப்பு இழை.
நிறுத்தினேன்.
அரை மணி நேரம் பெட்டிக்குள்.
மறுபடி.
தலை வெளியே வந்ததும்
"போதும், மிச்சம் அது பாத்துக்கும்" என்றார்.
ஒன்பதே காலுக்கு உதைத்துக்கொண்டு வந்தது,
ஈரமாய், அசிங்கமாய்,
கால் ரெண்டும் ரெண்டு திசையில்.

கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணி
வீட்டில் எப்போதும் கிடக்கும்.
விரல் அகலம் கிழித்து
இரண்டு காலையும் சேர்த்துத் தளர்வாய்க் கட்டினேன்.
எழுந்தது, விழுந்தது.
விழுந்த இடத்திலேயே தூங்கியது.

மறுநாள் வேலைக்குப் போய்
பொழுதோட வந்தார்.
ஒரு நாள் சம்பளம் பிடித்ததைச் சொன்னார்.
உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்,
பிசைந்துகொண்டே இருந்தார்.
"கேக்குது புள்ள" என்றார்.

நான் ரசம் ஊற்றினேன்.
பெட்டிக்குள் அது,
கட்டுப் போட்ட காலோடு
எப்படியோ தண்ணீர் டப்பாமேல் ஏறிவிட்டு
இறங்கத் தெரியாமல்
கத்திக்கொண்டிருந்தது.