ஏழு நிமிடம்

டவுன்ஹால் ரோட்டில் பேட்டரி விற்ற ஜமால்
பில் போடும்போதே சொல்லிவிட்டார்:
"இது கரண்ட் இல்லைம்மா, அவகாசம்.
புதுசில் இருபது நிமிஷம். போகப்போகக் குறையும்.
பிரிண்டரை மட்டும் இதில் சொருகிடாதீங்க."

மூன்று கோடை போய்விட்டது.
இப்போது ஏழுதான்.

நேற்று விளாங்குடியில் ஒன்பது நாற்பதுக்கு
டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்றது.
மின்விசிறி கடைசிச் சுற்றை
யோசித்து யோசித்துச் சுற்றியது.
தெரு முழுக்க ஜன்னல் திறக்கும் சத்தம்.
மேஜைக்கடியில் கறுப்புப் பெட்டி மட்டும்
கீச்.
பத்து எண்ணினால்
கீச்.

திரையில் உசிலம்பட்டி ஒச்சம்மாள்.
ஜீவனாம்ச மனு, பதினான்காம் பத்தி.
விடிந்தால் வக்கீல் மரியலூயிஸ் கையில் இருக்கவேண்டும்.
அவர் எழுதிக் கொடுத்த தாள்
திரை வெளிச்சத்துக்கு எட்டவில்லை;
எட்டினாலும் அந்தக் கையெழுத்து பகலிலேயே புரியாது.
போனில் இரண்டு சதவீதம்.

ஆனால் மத்தியானம் ஒச்சம்மாள் சொன்னபோது
நானும் அந்த அறையில்தான் இருந்தேன்,
முத்திரைத்தாளுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு.
காதில் இருந்ததை அடித்தேன்.

மாட்டை விற்றுவிட்டான்.
ஏன் என்று கேட்டேன்.
செருப்பால் அடித்தான்.
பிள்ளைக்குக் காய்ச்சல், அன்றைக்குக் கிளம்பவில்லை.
மறுநாள் கிளம்பினேன்.

கீச்கீச்கீச் என்று ஆகிவிட்டது,
நடுவில் எண்ண இடமில்லை.
சேமித்தேன். மறுபடி ஒருமுறை சேமித்தேன்.
கம்ப்யூட்டர் நிதானமாக, அதற்கென்ன,
'அணைகிறது' என்று காட்டிவிட்டு அணைந்தது.
குனிந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.
பிறகு கொசு.

பத்தேகாலுக்குக் கரண்ட் வந்ததும்
பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
நான் எதையும் போடவில்லை, கொஞ்ச நேரம்.

காலையில் மரியலூயிஸ் படித்தார்.
சிவப்புப் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.
'மேற்படி எதிர்மனுதாரர்' மூன்று இடத்தில்.
'மனுதாரராகிய நான்' இரண்டு.
செருப்பு 'காலணி' ஆனது.
காய்ச்சலுக்குத் தேதி கேட்டார்.
கடைசி வரியில் பேனாவை வைத்து,
எடுத்து,
அதை அப்படியே விட்டார்.

"இது என் டிராஃப்ட்டில் இல்லையே?"
"கரண்ட் இல்லை சார்" என்றேன்.

ஜமாலிடம் விசாரித்தேன்.
பழைய பேட்டரியைக் கொடுத்தால் இருநூறு கழிப்பாராம்.
பார்க்கலாம்.
இந்த மாதம் வாடகை இருக்கிறது.