கொட்டேஷன்

சதக்கத்துல்லா அண்ணன்,
ரோலா, ஷார்ஜா.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
ஏசி ஒழுகுவதற்கு வைத்த பக்கெட்டை
முதலில் கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள்.
அதற்குக் காசில்லை.

ஹார்ட் டிஸ்க் நான்கு. தலா எட்டு டெரா.

வேகம் ஒன்றே போதுமென்றால் ரெய்டு பூஜ்யம்.
ஒரு கல்யாணத்தை நான்காகக் கிழித்து
நான்கிலும் ஒரே மூச்சில் எழுதும்.
கை ஒன்றில், மருதாணி இன்னொன்றில்.
பறக்கும்.
ஒன்று நின்ற அன்று
மற்ற மூன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்,
சொல்ல ஒரு முழு வார்த்தை இல்லாமல்.

ஐந்து கொஞ்சம் சமர்த்து.
தனிஸ்லாஸ் லீவில் போன மாதம்
மெஸ்ஸில் அவன் பங்கு எவ்வளவென்று
யாருக்கும் நினைவில்லை.
மொத்தத்திலிருந்து எங்கள் மூவரைக் கழித்தோம்,
மிஞ்சியது தனிஸ்லாஸ்.
அதே கணக்குதான்.
ஆனால் எழுதும்போது இழுக்கும்.
செத்ததைத் திரும்பக் கட்ட ஒன்றரை நாள்.
அதற்குள் இரண்டாவது சாகாதென்று
நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆகவே பத்து.
இரண்டிரண்டாக ஜோடி, ஜோடிக்குள் நகல்.
முப்பத்திரண்டுக்குப் பணம் கொடுத்துப்
பதினாறில் குடியிருக்க வேண்டும்.
நான்கையும் ஒரே கடையில் வாங்காதீர்கள்.
ஒரே பெட்டியில் வந்தவை
ஒரே வாரத்தில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி எழுதுவது விலைப்பட்டியலில் வராது.

என் அறையிலும் பத்துதான்.
போன நோன்பில், தூக்கக் கலக்கத்தில்,
பழையது என்று நினைத்து ஒரு ஃபோல்டரை அழித்தேன்.
எங்கள் கல்யாணம் அது.
நகல் வைத்திருந்த டிஸ்க்கும்
அதே நொடியில் அழித்தது,
அவ்வளவு விசுவாசம்.
எதுவும் பழுதாகவில்லை.
நான்கு விளக்கும் பச்சை.

வெள்ளிக்கிழமை போனில் விசாலம் கேட்பாள்,
அந்த வீடியோவை ஒருநாள் அனுப்பேன் என்று.
நெட் சரியில்லை என்பேன்.

அதனால் ஐந்தாவதாக ஒன்று.
ஒயரில் மாட்டாதது, எதற்கும் கீழ்ப்படியாதது.
அஜ்மானில் உங்கள் மச்சான் வீட்டு அலமாரியில்,
துணிக்கு அடியில் இருக்கட்டும்.
பிரியாணிக்குப் போகிற வாரமெல்லாம்
கொண்டுவந்து நிரப்பித் திருப்பிக் கொடுங்கள்.

மற்றதில் பத்து சதவீதம் குறைத்திருக்கிறேன்.
ஐந்தாவதுக்கு மட்டும்
பேரம் பேசாதீர்கள்.