தேவையற்ற

நீதிமன்றத்தில் எனக்கு வேலை
பிறர் வாயிலிருந்து பேசுவது.
சாட்சி தமிழில் சொன்னால் நான் மலாயில் சொல்வேன்.
"நான்" என்றே சொல்வேன், அதுதான் விதி.
பதினோர் ஆண்டுகளில் திருடியிருக்கிறேன்,
பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
இரண்டு முறை மனைவியை அடித்திருக்கிறேன்.
நேற்று
ஒரு நாயைக் கட்டிப்போட்டேன்.

லைட் ஸ்ட்ரீட்டில் மழை. ஃபெரியின் சங்கு
ஜன்னல்வரை வந்து திரும்பிப் போனது.
குற்றப்பத்திரிகையில் அதற்குப் பெயர் இல்லை:
ஆண், பழுப்பு, ஏறக்குறைய ஒரு வயது.
தவமலர் மட்டும் கோப்பி என்றார்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
ஜெலுத்தோங் பட்டறைச் சந்து வழியாக
விடியும்போது வீடு திரும்புகிறவர்.
"அனத்திக்கிட்டே கெடந்துச்சுங்க."

அனத்திக்கிட்டே.
மூன்று நொடி நின்றுவிட்டேன்.
குரைப்பில்லை, ஊளையில்லை, முனகலும் இல்லை.
காய்ச்சலில் கிடப்பவர் தமக்கே தெரியாமல் எழுப்பும் ஒலி அது,
யாரையும் கூப்பிடாத ஒலி.
மலாயில் இரண்டு சொற்கள் கைக்கு வந்தன.
ஒன்று பாட்டுக்கு ஆகும். மற்றது மருத்துவமனைக்கு.
மருத்துவமனையைக் கொடுத்தேன்.
மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

கால்நடை இலாகா அதிகாரி நோர் ஹிடாயா
பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார்:
பி மூன்று. துணி காயப்போடும் கம்பி,
ஒரு முழத்துக்கும் குறைவு.
கழுத்திலிருந்து வெட்டி எடுக்க நாற்பது நிமிடமாம்.
கம்பியில் இன்னும் மயிர் இருந்தது.

கூண்டில் இளவேந்தன், நகக்கண்ணில் கிரீஸ்.
"குட்டியா இருக்கையில கட்டினேன் ஐயா.
சங்கிலிய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.
சோறு வச்சேன். தண்ணி வச்சேன்.
நாய் வளந்துச்சு. கம்பி வளரல.
எனக்குத் தோணல."
நாய் வளர்ந்தது, கம்பி வளரவில்லை,
எனக்குத் தோன்றவில்லை என்று நான் மலாயில் சொன்னபோது
அது மன்னிப்புப் போலக் கேட்டது.
அவர் குரலில் அப்படி இல்லை.
எதையும் கூட்டிச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவள் நான்.
கூட்டியது தொண்டை.

தீர்ப்பு அடுத்த மாதம்.

கேண்டீனில் ஹிடாயா ஒரு தாளை நீட்டினார்.
சட்டத்தை இறுக்கப் போகிறார்களாம்,
அபராதத்துக்குப் பின்னால் இன்னொரு சுழியம்,
புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்,
நான்கு மொழியில் துண்டறிக்கை.
தமிழ் சரியா என்று பார்க்க வேண்டும்.
'விலங்குகளுக்குத் தேவையற்ற வலி ஏற்படுத்துவது குற்றம்.'
எழுத்துப்பிழை இல்லை. சந்திகூடப் பிசகவில்லை.
தே தாரிக் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேவையற்ற.
அப்படியானால் தேவையான வலி
எங்கோ ஓர் அலமாரியில் அடுக்கி இருக்கிறதா?
சாவி யாரிடம்?
"வேறு சொல் போடலாமா?" என்றேன்.
"மூலத்திலும் அப்படித்தான்," என்றார்,
என்னைப் பார்க்காமல், பிஸ்கட்டை நனைத்தபடி.
கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

இரவு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
பாத்திரத் தொட்டிக்குக் கீழே
நானே வாங்கி வைத்த பசை அட்டையில் ஒரு சுண்டெலி.
நான்கு காலும், ஒரு பக்கக் கன்னமும்.
மூன்று வெள்ளி தொண்ணூறு காசு. உறைமேல்
சிரிக்கிற எலியின் படம்.
அது அனத்தியது.
இப்போது சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை.

எண்ணெய் ஊற்றினால் விடும் என்று எப்போதோ படித்தது.
ஊற்றினேன். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு காலாக.
மூன்றாவது காலின்போது கடித்தது.
சரியாகத்தான் கடித்தது.

படிக்கட்டில் விட்டேன். ஓடவில்லை.
கொஞ்சம் சாய்ந்து, எண்ணெய்த் தடம் போட்டுக்கொண்டு
பக்கத்து வீட்டுச் செருப்புகளுக்குள் போனது.

டிராயரில் இன்னும் இரண்டு அட்டைகள் இருக்கின்றன.
துண்டறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது.