பத்தொன்பது

நீடாமங்கலம் மில்லில்
ஐப்பசி மழையில் நனைந்த நெல்.
ஈரப்பதம் இருபத்தொன்று.
பதினேழு வந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள்.

உலர்த்தியின் பர்னரை நான் தொடுவதே இல்லை.
சூடு தணிந்தால்
செம்புச் சுருளுக்குள் காந்தம் உயிர்த்து
'டக்'கென வால்வைத் தூக்கும், நீலத்தீ.
சூடு ஏறினால் இன்னொரு 'டக்'.

"எல்லாம் அதுவே பார்த்துக்குது,
உனக்கெதுக்குச் சம்பளம் ஆரோக்கியம்?"
மூட்டைமேல் படுத்தபடி வைரக்கண்ணு.

ரெண்டரைக்குக் கரண்ட் போனது.
நான் டார்ச்சைத் துழாவுவதற்குள்
காந்தம் கைவிட,
ஸ்பிரிங் வாயுவை அடைத்துவிட்டது.
அந்த 'டக்' மட்டும்
கொஞ்சம் உரக்கக் கேட்டது.

மீட்டரும் செத்த இருட்டில்
வைரக்கண்ணு எழுந்து வந்து
ஒரு நெல்லைக் கடித்தார்.
"பத்தொம்பது."

தகரக்கூரையில் மழை.
இருவரும்
அடுத்த 'டக்'குக்குக் காது கொடுத்து.