மலை தெரியாத நாலு நாள்

கொட்பே ஐஸ் ஆலையில்
இருபத்தொரு வருடமாய்க் கட்டி உடைக்கிறவனுக்குப்
பனி பார்க்க ஆசை வருவது நியாயமா என்று
கேட்டான் சபறுல்லா.
என்ர மீனுக்கு மேல நீ கொட்டுறதும் அதுதானே.

ஆனாலும் போனோம். பதினேழு பேர்.
கொழும்பு, டில்லி, காத்மாண்டு.
மலை தெரியும் பக்கத்து யன்னல்
வசந்தமாலா டீச்சருக்கு விழுந்தது.
அவ நல்ல நித்திரை.

முதல் நாள் புகை.
இரண்டாம் நாள் புகைக்குள் மழை.
வழிகாட்டிப் பையன் பிகாஷ்
ஒவ்வொரு காலையும் கையை நீட்டி
அங்கே என்பான்.
அங்கே
சாம்பல் நிறத்தில் பெரியதொரு 'இல்லை'
நின்றுகொண்டிருக்கும்.
சுவாமிமலை உச்சியிலிருந்து நேரே கோடு கிழித்தால்
கயிலையில் முட்டும் என்று
எங்கள் கோயிலடியில் சொல்வார்கள்.
முட்டட்டும். நடுவில் முகில்.

மலை இல்லாததால் ஊரைப் பார்த்தோம்.
சுயம்புநாத் படியில் ஒரு குரங்கு
தவமலரின் பிஸ்கட்டைப் பையோடு கொண்டுபோனது.
கோட்டை வாசல் மான்களிடம்
எத்தனை பை கொடுத்திருக்கிறோம்,
கோபமே வரவில்லை.
பௌத்தநாத்தில்
கோபுரத்தின் நாலு பக்கமும் வரைந்த கண்கள்.
எந்தச் சந்தில் திரும்பினாலும் பார்க்கின்றன.
சாந்தமான கண்கள்தான், தெரியும்.
என் கைதான்
தானாகப் போய்ச் சட்டைப்பையில்
அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவியது.

பசுபதிநாத் ஆற்றங்கரையில்
யாரோ ஒருவர் எரிந்துகொண்டிருந்தார்.
மொட்டைத் தலை மகன் சுற்றி வந்தான்.
மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.
தவமலர் நின்றாள்.
அவளுடைய தம்பிக்கு
எரிக்க எதுவும் கிடைக்கவில்லை எங்களுக்கு.
வா என்று நான் கூப்பிடவில்லை.
குளிரில் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கடைசி நாள், பாட்டனில்,
ஒரு கடைக்காரி கறுத்த கல்லொன்றை
இரண்டாகப் பிரித்துக் காட்டினாள்.
உள்ளே சுருண்டு படுத்திருந்தது ஒரு கடல் நத்தை.
எந்த ஊர் என்றாள்.
கடற்கரை என்றோம்.
கடலைப் பார்த்ததில்லை என்றாள்.
பிறகு பிகாஷிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்:
இது உங்கட ஆள்,
வழி தவறி மேலே வந்திட்டார்,
கூட்டிக்கொண்டு போங்கோ.
இருநூறு ரூபாய் குறைத்தும் தந்தாள்.

சபறுல்லா கல்லைக் கையில் உருட்டினான்.
அட, நத்தை!
இதை வாங்கவா இவ்வளவு காசு?
மலை எப்படி என்றான்.
நான் மெஷினைப் போட்டேன்.

விடிய நாலரை. தண்ணி ஓரம் வள்ளங்களின் லைட்.
அரைபட்ட ஐஸ் கொட்டக் கொட்ட
குவியல் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது,
என் தலைக்கு மேல் எழுந்து
ஆவி விட்டபடி நின்றது.
புகையில்லை. மழையில்லை.
சவளைக் குத்தி
உச்சியிலிருந்து ஒரு அள்ளு அள்ளி
அவனுடைய பெட்டியில் போட்டேன்.
கீழே கிடந்த பாரை
மூட முடியாத ஒற்றைக் கண்ணால்
அதை முழுக்கப் பார்த்தது.