ஆகஸ்ட் இல்லாத வங்கித்தாள்

ஐந்து வருஷம் ஏர்கோன் வேலை பார்த்ததற்கு
ஆதாரம் கேட்கிறார்கள்.
கேட்பவர் இருப்பது அடிலெய்டில்.
அங்கே இப்போது குளிர்காலமாம்.

முதலாளியின் கடிதம் இணைக்கவும் என்றிருந்தது.
முதலாளி நான்தான்.
'நேரம் தவறாதவர், நம்பகமானவர்' என்று
என்னைப் பற்றி நானே எழுதினேன்.
தேன்மலர் படித்துப் பார்த்து
முதல் சொல்லை அடித்துவிடச் சொன்னாள்.

எப்படியும் அது செல்லாது என்றார் ஏஜெண்டு.
கம்பெனிப் பதிவு, வரிக் கணக்கு, பில்,
பில்லுக்கு நேராகப் பணம் வந்த வங்கித்தாள்,
நான்கும் கைகோத்து நிற்க வேண்டுமாம்.
என்னுடையவை
ஜெலுத்தோங் சந்தையில் எதிர்ப்பட்ட
பங்காளிகள் மாதிரி
பார்த்தும் பார்க்காமல் போயின.

ஆறு இரவு உட்கார்ந்து கோடு போட்டோம்.
வேலைக் காசுக்கு மஞ்சள், கூட்டுப் பணத்துக்குப் பச்சை,
மச்சினன் திருப்பித் தந்த கடனுக்கு
நிறம் கிடைக்கவில்லை.
பணம் போட்டவர்கள் குறிப்பில் எழுதியிருந்தார்கள்:
கேஸ் டாப்-அப்.
சாரி லேட்.
பாக்கி நாளைக்கு.
ஒருவர் மலாயில், 'சூடா செஜுக்',
குளிர்ந்துவிட்டது என்று மட்டும்.
எந்த வரியிலும் என் பெயர் இல்லை.
பாயான் பாருவில் நான் ஏர்கோன் மச்சான்,
புலாவ் திக்குஸில் ஆனே.
புருஷோத்தமன் த/பெ கன்னியப்பன் என்பவர்
பாஸ்போர்ட்டில் மட்டும் வசிக்கிறார்.

பாலேக் புலாவ் தோட்டக்காரர் ஹம்டான்
மூன்று வருஷமும் டுரியானாகவே கொடுத்தார்.
தின்ற பழத்துக்கு ரசீது ஏது?
கொட்டையை இணைப்பு ஏழு என்று அனுப்பலாமா
என்றாள் தேன்மலர், சிரிக்காமல்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆகஸ்ட் மட்டும்
முழுக்க வெள்ளை.
அந்த மாதம் வேலை இல்லையா?
இருந்தது. எல்லாம் ரொக்கம்.
தோள்பட்டை இன்னும் சொல்லும்.
தோள்பட்டையில் முத்திரை குத்த
எந்தச் சத்தியப்பிரமாண ஆணையரும் சம்மதிக்க மாட்டார்.

மேடம் குவாவிடம் கடைசியாகப் போனேன்.
சமையலறை அலமாரிக்கு மேலே
பழைய நாள்காட்டிகள், கயிறு போட்டுக் கட்டியவை.
எச்சில் தொட்டுப் புரட்டினார்.
ஆகஸ்ட் பதினான்கு. சிவப்பு மையில் இரண்டு எழுத்து.
"நீ" என்றார் விரலை வைத்து.
பதினைந்து. மறுபடி நீ.
இருபத்திரண்டு. மாடியில் இரண்டு, கீழே ஒன்று,
முன்னூற்றைம்பது வெள்ளி.
பக்கத்துக் கட்டங்களில்
அவர் கணவர் எழுதிவைத்து
கடைசிவரை விழாமலே போன நாலு நம்பர்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில்
என் உழைப்பு பத்திரமாக இருந்தது.
மொழிபெயர்க்கப் பக்கத்துக்கு எழுபது வெள்ளி கேட்பார்கள்.
இருக்கட்டும்.

"வந்தது வந்தாய், அறையில் தண்ணீர் சொட்டுகிறது."
ஏறினேன். வடிகுழாயில் ஒரு பல்லி,
காய்ந்து, குழாயின் வளைவிலேயே வளைந்து.
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மேடம் சொன்னார்:
"தாளைக் கொடுத்தால் போய்விடுவாய்."
நான் குழாயை ஊதினேன்.
வாயெல்லாம் துரு.

எண்பது வெள்ளி.
முதன்முதலாகக் கார்பன் வைத்து ரசீது கிழித்தேன்.
கடிதத்தில் போட என் முழுப் பெயர் கேட்டார்.
பன்னிரண்டு வருஷம் கழித்து.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
பாதியில் பேனாவை நிறுத்தி
"இவ்வளவு நீளமா?" என்றார்.

பிறகு சுவரிலிருந்த நாள்காட்டிக்குப் போய்
இன்றைய கட்டத்தில்
அதே சிவப்பு மையில் அந்த இரண்டு எழுத்து.
அதோடு விடவில்லை.
தாள்களை மேலே தூக்கிப் பிடித்து
நவம்பரைத் தேடி எடுத்தார்,
அடுத்த சர்வீசுக்கு ஒரு நாள் பார்த்து
அங்கேயும் எழுதினார்.